ஏழாவது லேன்

பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் பகல் ஷிஃப்ட் எனக்கு.
ஃபாஸ்டாக் ஓடாத வண்டியெல்லாம்
என் ஜன்னலுக்குத்தான் வரும்,
ஹாரனை அழுத்திக்கொண்டே.

அதனால்தான் டாக்டர் ஷெரின்
ரிப்போர்ட் கவரின் பின்பக்கம்
மூளையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு,
"இது ஒரு வேலி. ரத்தத்தில் வருவதையெல்லாம்
உள்ளே விடாது" என்றபோது
எனக்குப் படம் தேவைப்படவில்லை.

"மருந்து?"
"நிறைய மருந்து வெளியிலேயே நின்றுவிடும்."
"கட்டி?"
பென்சில் கொஞ்ச நேரம் எதையும் வரையவில்லை.
"சில செல்களுக்கு வழி தெரிந்துவிடுகிறது."

தெரியும்தான்.
பாலாற்றங்கரை மண்பாதையில் இறங்கி
எங்கள் கேமராவுக்குப் பின்னால் ஏறுகிற டிப்பர்களுக்கு
யார் வரைபடம் கொடுத்தார்கள்?

யாருக்கு அப்படிப் போகும் என்று கேட்டேன்.
விரலை மடக்காமல், ஆனால் வரிசையாகச் சொன்னார்.
வயது முப்பத்தாறு, அது சின்ன வயது
(வேறு யாரும் என்னைச் சின்ன வயது என்று சொல்லிப் பல வருஷம்).
ஹெர்-டூ பாசிட்டிவ்.
வேகமாகப் பெருகும் ரகம்.
அக்குளில் எடுத்த நெறிக்கட்டிகளில் ஏழில் இருந்தது.
ஏழு. என் லேன்.
நுரையீரலில் அந்தப் பொட்டு.

"இதெல்லாம் இருந்தால் வந்தே தீரும் என்றில்லை.
வாய்ப்பு கூடுதல், அவ்வளவுதான்."
வாய்ப்பு என்ற சொல்லை அதுவரை
வேலைக்கும் வரனுக்கும்தான் கேட்டிருந்தேன்.

"அப்ப தலையையும் ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க."
"அறிகுறி இல்லாமல் எடுப்பதில்லை.
விடாத தலைவலி, விடிகாலை வாந்தி,
ஒன்று இரண்டாகத் தெரிவது, பேச்சு குழறுவது,
எது வந்தாலும் உடனே வாங்க."

வெளியே காந்தி ரோடு.
லாட்ஜ் போர்டில் ஓர் எழுத்தும் புரியவில்லை.
நெஞ்சை அடைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.
அப்புறம்தான் உறைத்தது, வங்காளி எழுத்து.
இருபது வருஷமாக நான் படிக்காமலே கடந்த எழுத்து.

அன்றிலிருந்து தினமும் ராத்திரி
பார்த்த நம்பர் பிளேட்டில் பத்து சொல்லிப் பார்க்கிறேன்.
எட்டு வந்தால் தூங்குவேன்.
ஆறு வந்தால் டீசல் புகை என்பேன், வேலூர் வெயில் என்பேன்,
கீமோவில் மிஞ்சிய மந்தம் என்பேன்.
ஒரு தலைவலிக்கு எத்தனை சொந்தக்காரர்கள்.

வைகாசி ஒன்று. குடியாத்தத்தில் சிரசு.
கூட்டத்துக்கு மேலே ஆடி ஆடி வந்தது கெங்கையம்மன் தலை.
உடலில் பொருத்தினார்கள், கண் திறந்தார்கள்.
எல்லோரும் கண்ணைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ள
நான் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
அந்தச் சேர்கிற இடத்தை.
ராத்திரி எடுத்துவிடுவார்கள் என்பது
சின்னதிலிருந்தே தெரிந்ததுதான்.

போன செவ்வாய்க்கிழமை கணக்கு முப்பது ரூபாய் உதைத்தது.
மூன்று தரம் எண்ணினேன்.
நாலாவது தரம் எண்ணும்போது விரல் நடுங்கிற்று.
"கைக்காசைப் போட்டுட்டுப் போம்மா" என்றார் சூப்பர்வைசர்.
போட்டேன்.
பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்க்கவில்லை,
அதை யாரோ கொடுத்து வைத்தது போலப்
பிடித்துக்கொண்டே வந்தேன்.

ராத்திரி இரண்டு மணிக்கு வந்தது.
கோலார் தக்காளி வண்டி. காலை பத்தே கால்.
நூற்று முப்பதுக்கு நூறு ரூபாயை நீட்டி
"திரும்பி வரப்ப தரேங்க்கா" என்றவன்.
காதில் கடுக்கன். கே.ஏ. எட்டு.
நாலு ஒன்று ஒன்று ஏழு!

முனிரத்தினத்தை உலுக்கி எழுப்பினேன்.
"முப்பது ரூபாய்க்கா இப்படி அழுவுற?
திரும்பி வருவான், குடுப்பான், படு."

வராமலே இருக்கட்டும் என்றேன்.
அவர் அதற்குள் தூங்கிவிட்டார்.